ஈஜேஎஸ்: பில்லும் எல்ஆரும் அடிக்க நான் நம்பும் டெம்ப்ளேட் எஞ்சின்

லாரி பார்சல் ஆபீஸ், பருப்பு மண்டி, ஹார்டுவேர் மொத்தக் கடை போன்ற இடங்களுக்கு பில், எல்ஆர் (லாரியில் ஏற்றும் சரக்குக்குத் தரும் ரசீது), லெட்ஜர், மாதக் கணக்கு எடுத்துத்தரும் வெப் மென்பொருள் எழுதுவது என் தொழில். சர்வரில் ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டும் நோட், அதன்மேல் வெப் கோரிக்கைகளைக் கவனிக்கும் எக்ஸ்பிரஸ். டேட்டாபேஸிலிருந்து வந்த விவரத்தைப் பக்கமாக மாற்றித் தருவது ஈஜேஎஸ். ரியாக்ட், வியூ இரண்டிலும் வேலை செய்திருக்கிறேன். ஆனால் கணக்குப்பிள்ளை ஒரு பட்டனை அழுத்தியதும் பிரிண்டருக்குப் போகவேண்டிய ஒற்றைப் பக்கத்துக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு தேவைப்படவில்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சர்வரிலேயே பக்கத்தைத் தயார் செய்து அனுப்பும் வேலைக்கு ஈஜேஎஸ் அருமையான கருவி. புதிதாக ஒரு மொழியைக் கற்றுக்கொள் என்று அது யாரையும் கேட்பதில்லை. டெம்ப்ளேட்டுக்குள் எழுதுவது நமக்கு ஏற்கெனவே தெரிந்த ஜாவாஸ்கிரிப்ட்தான். ஆபத்து இருப்பதும் இதே இடத்தில்தான். முழு ஜாவாஸ்கிரிப்ட்டும் டெம்ப்ளேட்டுக்குள் திறந்து கிடக்கிறது, எங்கே நிறுத்த வேண்டும் என்று ஈஜேஎஸ் சொல்லாது. அந்த எல்லையை நாம்தான் போட்டுக்கொள்ள வேண்டும். போட்டுக்கொள்ளத் தயாராக இருப்பவர்கள் தாராளமாக எடுக்கலாம்.

இதுவரை பார்த்திராதவர்களுக்காகக் கொஞ்சம். ஈஜேஎஸ் கோப்பு என்பது சாதாரண எச்டிஎம்எல்தான். இடையிடையே சில குறிகள் வரும். <%= கடைப்பெயர் %> என்று எழுதினால் அந்த இடத்தில் கடையின் பெயர் வந்து உட்காரும். <% %> என்ற குறிக்குள் எழுதும் கோடு (நிரல்) ஓடும், ஆனால் பக்கத்தில் எதுவும் எழுதாது. லூப், நிபந்தனை எல்லாம் இதற்குள் வரும். <%- %> என்று எழுதினால் மதிப்பை எஸ்கேப் செய்யாமல், அதாவது எச்டிஎம்எல்லுக்குத் தனி அர்த்தம் உள்ள குறிகளை மாற்றாமல், அப்படியே கொட்டும். <%# %> குறிப்பு எழுத. (எங்கள் கோப்புகளில் வேரியபிள் பெயர்கள் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. இங்கே படிக்க வசதியாகத் தமிழில் காட்டுகிறேன். ஜாவாஸ்கிரிப்ட் தமிழ்ப் பெயர்களை ஏற்றுக்கொள்ளும் என்பதால் இப்படியே எழுதினாலும் ஓடும்.)

இந்த <% %> பாணி பழையது. 1996-இல் மைக்ரோசாஃப்ட்டின் ஏஎஸ்பி இதை வைத்திருந்தது, 1999-இல் ஜேஎஸ்பி வந்தது, ரூபி உலகத்தில் ஈஆர்பி என்ற டெம்ப்ளேட் முறை இருக்கிறது. பிஎச்பியிலும்கூட ஒரு செட்டிங்கைப் போட்டால் இதே குறிகளை எழுத முடிந்தது. 2015-இல் வந்த பிஎச்பி 7-இல்தான் அதை நீக்கினார்கள். ஆக, ஏஎஸ்பி காலத்தில் வேலை கற்ற மூத்தவரும் போன மாதம் நோட் படித்து முடித்த பையனும் ஒரே கோப்பைத் திறந்து படிக்கலாம். என் ஆபீஸில் சேர்ந்த தம்பி முதல் நாளே ஒரு லெட்ஜர் பக்கத்தைத் திருத்திக் கொடுத்தான். ஃபில்டர் என்றால் என்ன, ஹெல்ப்பரை எங்கே பதிவு செய்ய வேண்டும் என்று அவனுக்கு வகுப்பு எடுக்கவேண்டிய தேவை வரவில்லை.

உள்ளே என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் விளங்கிவிடும். ஈஜேஎஸ் நம் டெம்ப்ளேட்டை மேலிருந்து கீழே படித்து அதை ஒரு ஜாவாஸ்கிரிப்ட் ஃபங்ஷனாக மாற்றுகிறது. எச்டிஎம்எல் துண்டுகள் எல்லாம் ஒரு ஸ்ட்ரிங்கோடு ஒட்டப்படும் வரிகளாக மாறுகின்றன. <%= %> இருக்கும் இடங்கள், மதிப்பை எஸ்கேப் செய்து ஒட்டும் வரிகளாக மாறுகின்றன. <% %>-க்குள் எழுதியது அப்படியே கோடாக உள்ளே போகிறது. அந்த ஃபங்ஷனை டேட்டாவோடு கூப்பிட்டால் பக்கம் தயார். எக்ஸ்பிரஸ் புரொடக்‌ஷன் நிலையில் ஓடும்போது இப்படி உருவான ஃபங்ஷனைக் கேச்சில் வைத்துக்கொள்கிறது. அதனால் ஒவ்வொரு பில்லுக்கும் கோப்பைத் திரும்பப் படித்து மாற்றும் வேலை இல்லை. டெவலப்மெண்ட் நிலையில் கேச் கிடையாது. கோப்பைச் சேமித்துவிட்டு பிரவுசரைப் புதுப்பித்தால் மாற்றம் தெரியும், சர்வரை நிறுத்தி ஏற்ற வேண்டாம்.

ஒன்றை மட்டும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், புதியவர்கள் பலர் தடுமாறும் இடம் இது. டெம்ப்ளேட்டின் ஒரு பகுதி இப்போதைக்கு வேண்டாம் என்று எச்டிஎம்எல் கமெண்ட்டுக்குள், அதாவது <!-- --> நடுவே போட்டு வைப்பார்கள். அதற்குள் இருக்கும் <%= %> அப்போதும் ஓடும். எச்டிஎம்எல் கமெண்ட் என்பது பிரவுசருக்குச் சொல்லும் சேதி. ஈஜேஎஸ்ஸுக்கு அது மற்ற எழுத்துகளைப் போல வெறும் எழுத்து. மதிப்பும் பிரவுசருக்குப் போய்ச் சேரும், சோர்ஸைத் திறந்து பார்க்கும் யாரும் படிக்கலாம். கொள்முதல் விலை போன்ற விவரத்தை அப்படி மறைத்துவிட்டதாக நினைப்பது ரொம்ப ஆபத்து.

சரி, ஈஜேஎஸ்ஸை நான் அதிகம் நேசிக்கும் வேலைக்கு வருகிறேன்: டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்.

பார்சல் ஆபீஸ்களில் இன்றும் அதுதான். எல்ஆர் ஒன்றுக்கு அடியில் கார்பன் நகல்கள் வேண்டும்: அனுப்புநருக்கு ஒன்று, டிரைவர் கையில் ஒன்று, ஆபீஸுக்கு ஒன்று. லேசரில் அது நடக்காது. பேப்பரிலேயே கட்டங்கள் அச்சடித்து வந்திருக்கும். அனுப்புநர், பெறுநர், உருப்படி, எடை, வாடகை, டு-பேயா (வாடகையைப் பெறுநர் தருவது) பெய்டா (முன்பே கட்டியது) என்ற விவரங்களை அந்தந்தக் கட்டத்துக்குள் நாம் விழவைக்க வேண்டும். வழக்கமான அளவில் ஒரு வரிக்கு 80 எழுத்து, ஒரு அங்குலத்துக்கு 6 வரி. 6 அங்குல உயரப் படிவம் என்றால் மொத்தம் 36 வரி. ஒரு வரி கூடினால் அடுத்த எல்ஆர் ஒரு வரி கீழே இறங்கி அடிக்கும், அதற்கடுத்தது இரண்டு வரி. சாயங்காலம் லாரி கிளம்பும் நேரத்தில் வாடகை போய் எடைக் கட்டத்தில் விழுந்தால் என்ன ஆகும் என்று அந்த ஆபீஸில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இந்த 36 வரியையும் நான் ஈஜேஎஸ்ஸில்தான் எழுதுகிறேன். ஈஜேஎஸ்ஸுக்கு எச்டிஎம்எல்தான் வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை, எந்த எழுத்துக் கோப்பையும் உருவாக்கும். ஆனால் சாதாரண <% %> குறியில் லூப்பை எழுதினால், அந்தக் குறி மட்டும் இருக்கும் வரி, வெளியீட்டில் வெற்று வரியாக வந்து நிற்கும். எச்டிஎம்எல்லில் இது கண்ணுக்கே தெரியாது. இங்கே உருப்படிக்கு ஒரு வரி வீதம் படிவம் நகர்ந்துவிடும். அதற்காகவே ஈஜேஎஸ் இரண்டு குறிகளை வைத்திருக்கிறது. <%_ என்று தொடங்கினால் அந்தக் குறிக்கு முன்னால் நாம் விட்ட இடைவெளியை விழுங்கிவிடும். -%> என்று முடித்தால் அதற்கடுத்து வரும் வரிமுறிவை விழுங்கிவிடும். லூப் தொடங்கும் வரி, முடியும் வரி இரண்டையும் <%_ -%> என்று எழுதினால் அந்த இரண்டு வரிகளும் வெளியீட்டில் இருந்த சுவடே இருக்காது. டெம்ப்ளேட்டில் நான் படிக்க வசதியாக உள்தள்ளி எழுதலாம், படிவமும் நகராது. விண்டோஸில் எழுதிய கோப்பு, லினக்ஸில் எழுதிய கோப்பு என்று வரிமுறிவு வேறுபட்டாலும் இரண்டையும் சரியாகவே விழுங்குகிறது.

அப்புறம் எஸ்கேப். <%= %> வழியாகப் போகும் மதிப்பில் &, <, >, இரட்டை மேற்கோள், ஒற்றை மேற்கோள் ஐந்தும் எச்டிஎம்எல்லுக்கு ஏற்றபடி மாற்றப்படும். வெப் பக்கத்துக்கு அதுதான் வேண்டும். டாட் மேட்ரிக்ஸ் பேப்பரில் ‘முருகன் & சன்ஸ்’ என்ற பெயரில் உள்ள ஒற்றை & குறி ஐந்து எழுத்தாக விரிந்தால், அதற்குப் பின்னால் உள்ளதெல்லாம் நான்கு கட்டம் வலப்பக்கம் தள்ளிப்போகும். நம் ஊர்க் கடைப் பெயர்களில் & இல்லாதவை எத்தனை? எல்லா இடத்திலும் <%- %> போட்டுச் சமாளிக்கலாம். ஆனால் அந்தப் பழக்கம் வெப் பக்க டெம்ப்ளேட்டுக்கும் தொற்றிக்கொள்ளும் என்பதால் நான் அதை விரும்புவதில்லை. எஸ்கேப் செய்யும் ஃபங்ஷனையே மாற்றிக் கொடுக்க ஈஜேஎஸ்ஸில் ஒரு ஆப்ஷன் உண்டு. பிரிண்டர் டெம்ப்ளேட்டுகளுக்கு, வாங்கியதை அப்படியே திருப்பித் தரும் ஒரு ஃபங்ஷனைக் கொடுத்துவிட்டேன். இரண்டு வகைக் கோப்பிலும் பெயர், தொகை போன்ற மதிப்புகளுக்கு <%= %> மட்டுமே எழுதுகிறோம். <%- %> எங்கே கண்ணில் பட்டாலும் நின்று பார்க்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம்.

அந்த வழக்கம் ஏன் முக்கியம் என்றால், பெறுநரின் பெயர் என்ற பெட்டியில் யார் என்ன தட்டச்சு செய்வார்கள் என்பது நம் கையில் இல்லை. அதை எஸ்கேப் இல்லாமல் பக்கத்தில் விட்டால், யாரோ எழுதிய ஸ்கிரிப்ட் கணக்குப்பிள்ளையின் லாகினோடு ஓடும். பிஎச்பியின் <?= ?> குறி இன்றுவரை தானாக எஸ்கேப் செய்வதில்லை, எழுதுபவர்தான் ஞாபகம் வைத்து ஒவ்வொரு இடத்திலும் ஃபங்ஷனைக் கூப்பிட வேண்டும். ரூபி ஆன் ரெயில்ஸிலும் 2010-இல் மூன்றாம் பதிப்பு வரும்வரை அதே நிலைதான். சின்னக் குறியாக இருக்கும் <%= %> பாதுகாப்பானதாகவும், ஆபத்தானதற்குத் தனிக் குறியாகவும் ஈஜேஎஸ் வைத்திருப்பதை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

ஆனாலும் அந்த எஸ்கேப்பை எல்லாவற்றுக்கும் கவசமாக நினைக்கக் கூடாது. அது எச்டிஎம்எல்லின் ஐந்து குறிகளை மட்டும்தான் கவனிக்கிறது. அட்ரிபியூட் மதிப்பை மேற்கோளுக்குள் போடாமல் எழுதினால், மதிப்பில் ஒரு இடைவெளி வந்தாலே போதும், அதற்கடுத்து உள்ளது புது அட்ரிபியூட்டாகிவிடும். பயனர் கொடுத்த முகவரியை லிங்க்காக வைத்தால், அது ‘ஜாவாஸ்கிரிப்ட்:’ என்று தொடங்குகிறதா என்று எஸ்கேப் பார்க்காது. பக்கத்திலேயே உள்ள ஸ்கிரிப்ட் டேக்குக்குள் ஜேசனாக (ஜாவாஸ்கிரிப்ட் படிக்கும் எழுத்து வடிவத்தில்) டேட்டாவைக் கொட்டுவது இன்னொரு இடம். அங்கே <%= %> போட்டால் மேற்கோள்கள் எல்லாம் உருமாறி ஜேசனே கெட்டுவிடும், <%- %> போட்டால்தான் வேலை செய்யும். ஆனால் டேட்டாவில் எங்காவது ஸ்கிரிப்ட் டேக்கை மூடும் எழுத்துகள் இருந்தால், பிரவுசர் அங்கேயே ஸ்கிரிப்ட் முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளும். ஜேசனில் உள்ள < குறி எல்லாவற்றையும் யூனிகோடு எண் வடிவத்துக்கு மாற்றித் தரும் சின்ன ஃபங்ஷன் ஒன்றை எழுதி, அதன் வழியாக மட்டுமே நாங்கள் அனுப்புகிறோம். இந்த மூன்றும் ஈஜேஎஸ்ஸுக்கு மட்டும் உரிய குறைகள் என்று சொல்ல மாட்டேன், இதே பாணியில் உள்ள பல எஞ்சின்களிலும் உண்டு.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது வேறொன்று. டேட்டாவில் இல்லாத வேரியபிளைக் கேட்டால் ஈஜேஎஸ் எரர் தரும். <%= வாங்குபவர் %> என்று எழுதி, அந்தப் பெயரில் எதையும் அனுப்பவில்லை என்றால் பக்கம் வராது, கோப்பின் பெயர், வரி எண், சுற்றியுள்ள சில வரிகள், தவறு நடந்த வரிக்கு முன்னால் >> குறி என்று அழகாகக் காட்டும். ஆனால் வாங்குபவர் என்ற ஆப்ஜெக்ட் இருந்து, அதற்குள் இருக்கும் ஒரு விவரம் இல்லையென்றால் சத்தமே வராது. <%= வாங்குபவர்.ஜிஎஸ்டிஎண் %> என்பதில் ஒரு எழுத்து பிசகினாலும் சரி, டேட்டாபேஸில் அந்தக் கட்டம் காலியாக இருந்தாலும் சரி, வெற்றிடம் அச்சாகும். ஜாவாஸ்கிரிப்ட்டில் அன்டிஃபைண்ட், நல் என்று வருகிற இரண்டையும் ஈஜேஎஸ் வெறும் காலி ஸ்ட்ரிங்காக எடுத்துக்கொள்கிறது. வெப் பக்கத்தில் அந்தச் சொற்கள் பல்லிளிக்காமல் இருக்க அது நல்ல ஏற்பாடுதான். பில்லில் 15 எழுத்து ஜிஎஸ்டி எண் இருக்கவேண்டிய இடம் காலியாகப் போவது நல்லதல்ல. வாங்கியவருக்கு உள்ளீட்டு வரி கிடைக்காமல் போய், மாதக் கடைசியில்தான் விஷயம் வெளியே வரும்.

இதற்கு நாங்கள் வைத்திருக்கும் வழி எளிமையானது. மதிப்பு காலியாக இருந்தால் எரர் எறியும் ஒரு ஃபங்ஷனை எல்லா டெம்ப்ளேட்டுக்கும் அனுப்புகிறோம். <%= கட்டாயம்(வாங்குபவர்.ஜிஎஸ்டிஎண்) %> என்று எழுதினால் போதும். பதிவு இல்லாத சில்லறை வாடிக்கையாளருக்கு அந்த வரியே வராதபடி நிபந்தனை போட்டுவிடுவோம். இதற்குத் தனிப் பிளகின் தேவைப்படவில்லை, டெம்ப்ளேட்டுக்குள் இருப்பது வெறும் ஜாவாஸ்கிரிப்ட் என்பதன் பலன் இது. எதிர்ப்பக்கமாக, வந்தாலும் வராவிட்டாலும் பரவாயில்லை என்கிற வேரியபிள்களை லோக்கல்ஸ் என்ற ஆப்ஜெக்ட் வழியாகக் கேட்கலாம், எரர் வராது.

எரர் பற்றிப் பேசும்போது இதையும் சொல்ல வேண்டும். ஓடும்போது வரும் தவறுக்கு >> போட்டுக் காட்டும் அதே ஈஜேஎஸ், இலக்கணத் தவறுக்குக் கையை விரித்துவிடுகிறது. லூப்பை மூடும் அடைப்பை மறந்துவிட்டால், எந்தக் கோப்பு என்று மட்டும் சொல்லும், எந்த வரி என்று சொல்லாது. இந்த எரர் உதவவில்லை என்றால் ஈஜேஎஸ்-லிண்ட் என்ற பிழை காட்டும் கருவியைப் பயன்படுத்திப் பாருங்கள் என்று அந்தச் சேதியிலேயே எழுதியிருப்பார்கள். 300 வரி லெட்ஜர் டெம்ப்ளேட்டில் ஒரு மூடும் அடைப்பைத் தேடுவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. அந்த லிண்ட்டைச் சேமிக்கும்போதே ஓடும்படி வைத்துவிட்டால் தொல்லை குறையும்.

தமிழ்ப் பக்கங்களுக்கு எப்படி? நோட் தரும் வசதிகள் எல்லாம் டெம்ப்ளேட்டுக்குள் நேரடியாகக் கிடைப்பதால் நன்றாகவே இருக்கிறது. தொகையைத் தமிழ்-இந்தியா லோகேலில் வடிவமைக்கச் சொன்னால் 12,34,567 என்று லட்சக் கணக்கில் காற்புள்ளி வைக்கும். தேதிக்கு மட்டும் நேர மண்டலத்தை வெளிப்படையாகக் கொல்கத்தா என்று கொடுக்க வேண்டும். சர்வர் உலக நேரத்தில் ஓடினால், காலை 5:30-க்கு முன் போட்ட பில்லில் முந்தைய நாள் தேதி விழும், பார்சல் ஆபீஸில் அந்த நேரத்தில்தான் லாரிகள் வந்து சேரும். நீளமான சரக்குப் பெயரைக் கட்டத்துக்குள் அடக்க ஸ்ட்ரிங்கைச் சாதாரணமாக வெட்டினால் ‘தி’ என்பதில் ‘த’ மட்டும் நிற்கும், புள்ளி வைத்த மெய் உயிர்மெய்யாகிவிடும். நோட் 16 முதல் உள்ள செக்மென்டரைக் கொண்டு எழுத்து எழுத்தாகப் பிரித்து வெட்டினால் இந்தப் பிழை வராது. நோட்பேடில் சேமித்த கோப்பின் தலையில் சில சமயம் ஒட்டிக்கொண்டு வரும் கண்ணுக்குத் தெரியாத பிஓஎம் குறியையும் ஈஜேஎஸ் தானே நீக்கிவிடுகிறது.

லேஅவுட் வசதி இல்லாதது பலருக்கும் குறையாகப் படும். நஞ்சக்ஸ் என்ற இன்னொரு டெம்ப்ளேட் எஞ்சினில் ஒரு அடிப்படைப் பக்கத்தை எழுதி, மற்றப் பக்கங்களில் அதன் பகுதிகளை மட்டும் மாற்றி எழுதலாம். ஈஜேஎஸ்ஸில் அது கிடையாது. தலைப்பகுதி ஒரு கோப்பு, அடிப்பகுதி ஒரு கோப்பு என்று வைத்து ஒவ்வொரு பக்கத்திலும் இன்க்ளூட் செய்ய (உள்ளே சேர்க்க) வேண்டும். இன்க்ளூடை <%- %>-க்குள்தான் எழுத வேண்டும், <%= %> போட்டால் எச்டிஎம்எல் குறிகள் அப்படியே திரையில் எழுத்தாக வந்து நிற்கும். பில், எல்ஆர், லெட்ஜர் என்று எனக்குப் பக்க வகைகள் குறைவு என்பதால் இது பெரிதாக உறுத்தவில்லை. பெரிய செய்தித் தளம் கட்டுபவருக்கு உறுத்தும்.

பாதுகாப்பு விஷயம் ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். 2022-இல் சிவிஇ-2022-29078 என்று பதிவு எண் பெற்ற ஒரு பாதுகாப்பு ஓட்டை வெளியானது. எக்ஸ்பிரஸில் பிரவுசரிலிருந்து வந்த கேள்வி ஆப்ஜெக்ட்டை (முகவரியின் கடைசியில் ஒட்டி வரும் மதிப்புகள்) அப்படியே, பக்கத்தை உருவாக்கும் ரெண்டர் ஃபங்ஷனுக்கு டேட்டாவாகக் கொடுப்பவர்கள் உண்டு. அதில் செட்டிங்ஸ் என்ற பெயரில் அடுக்கடுக்காக மதிப்புகளை அனுப்பினால், ஈஜேஎஸ் அவற்றைத் தன் ஆப்ஷன்களாக எடுத்துக்கொண்டது. அந்த ஆப்ஷன்களில் ஒன்று, உருவாகும் ஃபங்ஷனின் கோடுக்குள்ளேயே போய் விழும். அப்புறம் என்ன, வெளியாள் அனுப்பிய கோடு நம் சர்வரில் ஓடும். 3.1.7-இல் அடைத்தார்கள், 2024-இல் 3.1.10-இல் இன்னும் கொஞ்சம் இறுக்கினார்கள். எக்ஸ்பிரஸ் 5-இல் கேள்வி ஆப்ஜெக்ட்டை அடுக்கடுக்காகப் பிரிக்கும் வழக்கமே இயல்பாக இல்லை, அதுவும் உதவி. ஆனால் அடிப்படை மாறவில்லை. ஈஜேஎஸ் என்பது டெம்ப்ளேட்டைக் கோடாக மாற்றி ஓட்டும் கருவி, இறுதிப் பயனரின் கைக்கு ரெண்டர் ஃபங்ஷன் நேரடியாகப் போனால் அது பாதுகாப்பான பயன்பாடு ஆகாது என்று அதன் ஆவணமே வெளிப்படையாகச் சொல்கிறது. ரெண்டருக்குப் போகும் ஆப்ஜெக்ட்டை ஒவ்வொரு விவரமாகப் பெயர் சொல்லிக் கட்டுங்கள். வந்ததை வந்தபடி தள்ளிவிடாதீர்கள். பழைய பதிப்பில் ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருள் இருந்தால் இன்றே மேம்படுத்துங்கள்.

எல்லை போடுவது பற்றிச் சொன்னேன் அல்லவா, அதற்கு ஒரு உதாரணம். வேறொருவர் எழுதிப் பாதியில் விட்டுப்போன மென்பொருள் ஒன்று என்னிடம் வந்தது. பில் டெம்ப்ளேட்டைத் திறந்தால், ஜிஎஸ்டி கணக்கே அதற்குள்தான் நடக்கிறது. வாங்குபவர் எண்ணின் முதல் இரண்டு இலக்கம் 33 என்றால் தமிழ்நாடு, அப்போது 18 சதவீதத்தை ஒன்பது ஒன்பதாக மத்திய, மாநில வரியாகப் பிரி, இல்லையென்றால் வெளிமாநில விற்பனைக்கான ஐஜிஎஸ்டி போடு என்று எச்டிஎம்எல் டேபிளுக்கு நடுவே நிபந்தனைகள். மாத அறிக்கை டெம்ப்ளேட்டில் அதே கணக்கு இன்னொரு முறை. பில்லில் ஒவ்வொரு வரியிலும் பைசாவை முழுமையாக்கியிருந்தார், அறிக்கையில் மொத்தத்தை மட்டும் முழுமையாக்கியிருந்தார். இரண்டுக்கும் ரூபாய்க் கணக்கில் வித்தியாசம், ஆடிட்டர் கேட்கிறார், கடைக்காரரிடம் பதில் இல்லை. இதை எழுதவிட்டது ஈஜேஎஸ்ஸின் சுதந்திரம். மஸ்டாச் போன்ற எஞ்சினாக இருந்திருந்தால் டெம்ப்ளேட்டுக்குள் பெருக்கல்கூடப் போட்டிருக்க முடியாது, கணக்கு தானாக வெளியே போயிருக்கும்.

எங்கள் ஆபீஸில் டெம்ப்ளேட்டுக்கு அனுமதித்திருப்பது இவ்வளவுதான்: சுற்றி வரலாம், இருக்கிறதா இல்லையா என்று பார்க்கலாம், வடிவமைத்துக் காட்டலாம். பணத்தைக் கூட்டவோ பெருக்கவோ கூடாது. டேட்டாபேஸைத் தொடக் கூடாது. டேட்டா வரும்வரை காத்திருக்கச் சொல்லும் அவேய்ட்டை ஈஜேஎஸ்ஸில் எழுத ஆப்ஷன் இருந்தாலும் நாங்கள் போடுவதில்லை, எல்லாம் முன்னாலேயே எடுத்து வைத்துவிடுவோம். வந்த ஆப்ஜெக்ட்டை மாற்றவும் கூடாது. இந்தக் கடைசி விதி பலருக்கும் தோன்றாது. டெம்ப்ளேட்டுக்குள் சரக்குப் பட்டியலை அகரவரிசைப்படுத்த சார்ட் போட்டால், ஜாவாஸ்கிரிப்ட் மூலப் பட்டியலையே மாற்றிவிடும். கீழே அதே பட்டியலை ஏற்றிய வரிசையில் காட்டும் இன்னொரு இன்க்ளூட் இருந்தால் அதுவும் குலையும். வரிசைப்படுத்தியே ஆகவேண்டும் என்றால் ரெண்டருக்கு முன்னாலேயே செய்துவிடலாம். நோட் 20-இல் நகலைத் தரும் டுசார்ட்டட் இருக்கிறது.

மற்றவற்றோடு வைத்துப் பார்த்தால், பக் என்ற எஞ்சின் எழுத்தளவில் சுருக்கமானது, ஆனால் உள்தள்ளலை வைத்தே அமைப்பைப் புரிந்துகொள்ளும். வடிவமைப்பாளர் தரும் எச்டிஎம்எல்லை அதற்கு மாற்றி எழுத வேண்டும், 80 எழுத்துப் படிவத்துக்கு அது சரிப்படாது. பெரும்பாலும் ஈஜேஎஸ் போன்ற குறிகளையே வைத்துக்கொண்டு புதிதாக எழுதப்பட்ட ஈட்டா கவனிக்கத் தகுந்தது. அதில் டேட்டாவை இயல்பாக ஒரு ஆப்ஜெக்ட் வழியாகத்தான் கேட்க வேண்டும். புதிதாக ஒரு திட்டம் தொடங்குபவர் இரண்டையும் ஒரு நாள் எழுதிப் பார்த்து முடிவெடுக்கலாம். ஓடிக்கொண்டிருக்கும் என் டெம்ப்ளேட்டுகளை மாற்றும் அளவுக்குக் காரணம் எனக்குக் கிடைக்கவில்லை. ஈஜேஎஸ் அப்பாச்சி 2.0 உரிமத்தில் இலவசம், வணிக மென்பொருளில் தாராளமாகச் சேர்க்கலாம்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் ஈஜேஎஸ்ஸை வைக்கவே மாட்டேன். பில்லின் அடியில் வரும் நிபந்தனை வாசகம், வாட்ஸ்அப்பில் போகும் பாக்கி நினைவூட்டல் ஆகியவற்றைக் கடைக்காரர்களே திருத்திக்கொள்ள வேண்டும் என்று கேட்கிறார்கள், நியாயமான கேள்வி. அந்த வாசகத்துக்குள் வாடிக்கையாளர் பெயர், பாக்கித் தொகை, கெடு தேதி வர வேண்டும். அவர்கள் கையில் ஈஜேஎஸ் டெம்ப்ளேட்டைக் கொடுப்பது சர்வரின் சாவியைக் கொடுப்பதற்குச் சமம். அங்கே மஸ்டாச்தான். இரட்டை வளைவு அடைப்புக்குள் பெயரை எழுதினால் மதிப்பு வரும், அதில் வேறு எந்தக் கோடும் ஓடாது. வாட்ஸ்அப் செய்தி எச்டிஎம்எல் இல்லை என்பதால் அங்கும் எஸ்கேப்பை நிறுத்திவிட வேண்டும், இல்லையென்றால் ‘முருகன் & சன்ஸ்’ அங்கேயும் உருமாறித்தான் போவார்கள்.